பாஞ்சாலி மகன்

அன்புள்ள அக்கா,

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா தெருக்கூத்தில் பெண் வேஷக்காரர். பாஞ்சாலி, சுபத்திரை, பொன்னுருவி எல்லாம் அவர்தான். போன வருஷம் பக்கத்து ஊர்த் திருவிழாவில் அவர் ஆடியதை என் வகுப்புப் பையன் ஒருவன் செல்போனில் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். அன்றிலிருந்து எனக்குப் பெயர் ‘பாஞ்சாலி மகன்’. பள்ளியில் அப்பாவின் தொழில் கேட்டால் ‘விவசாயம்’ என்று எழுதுகிறேன். ஆனால் பொங்கலுக்குச் சென்னை சங்கமம் கலைவிழாவில் அப்பா குழு ஆடியபோது முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ‘அவர் எங்க அப்பா’ என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். பள்ளி திறந்ததும் மறுபடி விவசாயம்தான். அப்பாவோ ‘இது என்னோட போகட்டும், நீ படி’ என்கிறார். நான் செய்வது தப்பா அக்கா? என் பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த ‘விவசாயம்’ விஷயத்தை விட்டுவிடு. கேலிக்குத் தப்பிக்க இந்த வயதில் ஒரு பையன் அப்படி எழுதியதில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. கூத்து இல்லாத மாதங்களில் கலைஞர்கள் பலரும் வயல் வேலைக்குப் போகிறவர்கள்தானே.

உன் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. வாட்ஸ்அப்பில் அப்பாவை நீ அந்தப் பையனின் செல்போன் வழியாகப் பார்த்தாய், கூசிப்போனாய். சென்னையில் முன்வரிசைக்காரர்களின் கைதட்டல் வழியாகப் பார்த்தாய், பூரித்துப்போனாய். அன்றைக்கு அவர்கள் எழுந்து நிற்காமல் இருந்திருந்தால்? கடைசியாக எப்போது நீயே உட்கார்ந்து, ராத்திரி பத்து மணியிலிருந்து விடியும்வரை அவர் ஆடுவதை முழுசாகப் பார்த்தாய்? சின்ன வயதில் பாயில் படுத்துத் தூங்கியதைக் கேட்கவில்லை.

சூதாட்டமும் துகிலுரிதலும் வரும் ‘பகடை துகில்’ கூத்து நடக்கும் ராத்திரியில் போய் உட்கார். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம் கேட்ட ஊர், ராத்திரி அந்தக் கதையையே கண்ணால் பார்க்க வருகிறது. இரண்டு பேர் திரையைப் பிடிக்க, பின்னால் இருந்து அப்பாவின் குரல் முதலில் வரும். ஆர்மோனியத்துக்கும் முகவீணைக்கும் மிருதங்கத்துக்கும் மேலே ஏறி நிற்கிற குரல். ஆண் தொண்டையை வைத்துக்கொண்டு அந்த உச்சத்தில் மணிக்கணக்காகப் பாடுவது எவ்வளவு பாடு என்று எந்தப் பாடகரையும் கேட்டுப் பார். அப்புறம் துச்சாதனன் வருவான். பல ஊர்களில், அந்த வேஷக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி அம்மனைக் கும்பிடுவார். ஆடுகிறவர் உங்கள் ஊர்க்காரர்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கை கூப்புவார்கள். அந்த நேரத்தில் அங்கே நிற்பது அவர்களுக்கு அம்மன்.

பாஞ்சாலி சபையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறாளே: தருமர் தன்னை முதலில் தோற்றாரா, என்னை முதலில் தோற்றாரா? தன்னையே தோற்றுவிட்டவருக்கு என்னை வைத்து ஆட ஏது உரிமை? பீஷ்மரே பதில் சொல்லத் திணறிய கேள்வி. ஊர்ப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் எதிரே உட்கார்ந்திருக்க, நடுத்தெருவில் நின்று அதைக் கேட்பவர் உன் அப்பா. கூட்டத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களின் முகத்தை அப்போது திரும்பிப் பார். வீட்டில் வாய்விட்டுக் கேட்க முடியாததை யாரோ தங்களுக்காகக் கேட்டுவிட்ட மாதிரி இருக்கும் அந்த முகங்கள். ஒரு பெண்ணாக இதைச் சொல்கிறேன்: அந்தச் சேலையைக் கட்டியதால் உன் அப்பா ஒரு துளியும் குறைந்துபோகவில்லை. உன் வகுப்புப் பையன் எடுத்த துண்டு வீடியோவில் இது எதுவும் விழுந்திருக்காது.

இந்தக் கூச்சம் உன் வீட்டில் பிறந்தது இல்லை, தம்பி. விடிய விடிய ஆடவிட்டு, விடிந்ததும் ‘கூத்தாடி’ என்று ஒருமையில் கூப்பிட்ட ஊர்கள் நம்முடையவை. சாதியும் அதில் சேர்ந்துகொண்டது. வேஷத்துக்குக் கும்பிடு, வேஷக்காரனுக்கு வாசலோடு சரி. இதைச் சகித்துக்கொண்டு ஆடியவர் என்பதால்தான் ‘என்னோட போகட்டும்’ என்கிறார் என்று நினைக்கிறேன். கலையை வெறுத்துச் சொல்லும் வார்த்தையாக எனக்கு அது படவில்லை. நீ பட வேண்டாம் என்று நினைக்கிற அப்பா அவர்.

பக்கத்திலேயே நடந்த சில விஷயங்கள் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். செய்யாற்றுப் பக்கம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஆடிவருகிறது. 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, நவீன நாடகத்துக்கு வேர் தேடி வந்து நின்றது அந்தத் தெருவில்தான். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் என்ற கூத்துக் கலைஞர்கள் அமைப்பு 2002இலிருந்து 2020 வரை ஒரு குருகுலம் நடத்தியது. பிள்ளைகள் பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்த்தே படித்தார்கள், பெண் பிள்ளைகள் உட்பட. ஆண்கள் மட்டுமே கட்டிய கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பெண்கள் கட்டி ஆடினார்கள். படிப்பா கூத்தா என்று ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்பது உண்மை இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

அதற்காக நீ அரிதாரம் பூசித்தான் தீர வேண்டும் என்று சொல்ல மாட்டேன். இன்ஜினியரிங் படி, நர்ஸிங் படி, உன் இஷ்டம். மகன் ஆடாவிட்டால் கலை செத்துவிடும் என்று யாராவது மேடையில் பேசினால், அந்தப் பாரத்தை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. கூலியை ஒழுங்காகக் கொடுத்து, மரியாதையாகச் சாப்பாடு போட வேண்டிய ஊருக்கும் அரசாங்கத்துக்கும் அதில் பெரிய பங்கு இருக்கிறது.

ஆனால் அப்பாவிடம் இருப்பதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டுவிடாதே. கூத்துக்காரர்கள் முக்கால்வாசியை மனப்பாடமாகத்தான் வைத்திருக்கிறார்கள். அடுத்த கூத்துக்கு அவரோடு கொட்டகைக்குப் போ. முகத்தில் பூசும் முத்துவெள்ளையைக் குழைத்துக் கொடு, சவுரி கட்டும்போது கண்ணாடி பிடி. முதலில் எந்தப் பாட்டை யாரிடம் கற்றார், எந்த வயதில் முதல் வேஷம் கட்டினார் என்று கேள். செல்போனில் பதிவு செய்யலாமா என்றும் கேள். அவர் சரி என்றால், அவர் பாடும் விருத்தங்களை ஒரு நோட்டில் எழுத ஆரம்பி.

பையன்கள் மறுபடி ‘பாஞ்சாலி மகன்’ என்றால், ‘ஆமாம்டா, ராத்திரி வந்து பாரு’ என்று சொல்ல வருகிறதா என்று பார். வரவில்லையென்றால் பேசாமல் போய்விடு, அதிலும் தப்பில்லை. கேலி எல்லை மீறினால் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். பங்குனி திருவிழாக்கள் தொடங்கியதும் உங்கள் பக்கம் எந்த ஊரில் பகடை துகில் என்று எழுது. நானும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா