டெல்டா பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்பைரோமெட்ரியில் எது நார்மல் என்று எப்படி முடிவு செய்வது?

திருவாரூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் நூறு பிள்ளைகளை ஸ்பைரோமெட்ரி மெஷினில் (நுரையீரல் எவ்வளவு காற்றை, எவ்வளவு வேகமாக ஊதுகிறது என்று அளப்பது) ஊதவைத்துச் சராசரி எடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பையன்கள் 150, பெண்கள் 150 பேராவது வேண்டும். அதுவும் வயது, உயரம், பாலினத்தை வைத்து எதிர்பார்க்கும் அளவைச் சொல்லும் புதுச் சமன்பாடு உருவாக்க இல்லை. ஜிஎல்ஐ (Global Lung Function Initiative என்ற சர்வதேசக் குழு) 2012-இல் வெளியிட்ட சமன்பாடு நம் பிள்ளைகளுக்குப் பொருந்துகிறதா என்று சரிபார்க்க மட்டும்தான். 74,187 பேரை வைத்து உருவான அதில் இந்தியர்களுக்குத் தனிப் பிரிவு கிடையாது. 'பிற / கலப்பு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மெஷின் 'காகேசியன்' (வெள்ளையர்) அமைப்பில் இருந்தால் நல்ல நுரையீரல்கூடக் குறைவாகத் தெரியும்.

மூச்சிரைப்பு எப்போதாவது வந்தவர்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், காசநோய் வந்தவர்கள், கடந்த மூன்று நான்கு வாரத்தில் சளி பிடித்தவர்கள் வேண்டாம். விறகடுப்பு வீட்டுப் பிள்ளைகளை ஒதுக்காதீர்கள், குறித்து மட்டும் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி வகுப்பு மூக்கை உறிஞ்சும்; தை, மாசியில் சம்பா அறுவடைத் தூசி. ஆடியில் செய்வது மேல்.

எனக்குப் பெரிய கவலை வயதுதான். பள்ளிப் பதிவேட்டில் சேர்க்கைக்காக ஜூன் 1 என்று போட்ட பிறந்தநாள் நிறைய இருக்கும். வளரும் பிள்ளைக்கு வயதில் சில மாதம் பிசகினாலே எதிர்பார்க்கும் அளவு மாறிவிடும். பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, 8.4 என்று தசமத்தில் எழுதுங்கள். உயரத்தைச் செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்ட நிற்கவைத்து மில்லிமீட்டர் வரை அளங்கள். பெண் பிள்ளைகளின் கொண்டையை அவிழ்க்கச் சொல்லுங்கள்.

தினமும் காலையில் 3 லிட்டர் சிரிஞ்சால் மெஷினைச் சரிபாருங்கள். பிழை 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அறை வெப்பநிலையையும் பதியுங்கள். மதியச் சத்துணவு முடிந்த கையோடு ஊதவைக்காதீர்கள், வயிறு நிறைந்திருந்தால் மூச்சை முழுக்க இழுக்க முடியாது. உட்காரவைத்து, மூக்கில் கிளிப் போட்டு, நெஞ்சு நிறைய இழுத்ததும் 'டப்'பென்று ஊதச் சொல்லுங்கள். தயங்கி ஊதினால் மெஷின் வரையும் வளைவின் முனை மழுங்கும். நாக்கு குழாயை அடைத்தாலும், உதட்டோரம் காற்று கசிந்தாலும் அந்த ஊதல் செல்லாது. சரியான ஊதல் மூன்று வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் இடையே காற்றின் அளவில் 150 மில்லி லிட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஆறு வயதும் அதற்குக் கீழும் என்றால் 100 மில்லி அல்லது பத்து சதவீதம், எது அதிகமோ அது.

'எதிர்பார்க்கும் அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே நோய்' என்ற கணக்கைப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். இசட் ஸ்கோர் (எதிர்பார்க்கும் அளவிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது என்ற எண்) −1.64-க்குக் கீழே போனால்தான் குறைவு. முதல் நொடியில் ஊதும் காற்றுக்கும் மொத்தமாக ஊதும் காற்றுக்கும் உள்ள விகிதத்தில் பெரியவர்களுக்குச் சொல்லும் 0.70 என்ற எல்லையும் இங்கே உதவாது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த விகிதம் சாதாரணமாகவே 0.90-ஐ ஒட்டி இருக்கும், 0.75 வந்தாலே கவனிக்க வேண்டும்.

முந்நூறு பேரின் இசட் ஸ்கோர் சராசரி 0-வை ஒட்டியும், பரவல் (திட்டவிலக்கம்) 1-ஐ ஒட்டியும் வந்தால் சமன்பாடு பொருந்துகிறது. சராசரி அரைப் புள்ளிக்கு மேல் விலகினால், நம் பிள்ளைகளுக்கு நுரையீரல் சிறிது என்று எழுதுவதற்கு முன் உயரத்தையும் பிறந்த தேதியையும் சிரிஞ்சுக் குறிப்பையும் மறுபடி எடுத்துப் பாருங்கள்.