இதயம் வலப்பக்கம் இருந்தால்: தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய்: சளி விடவில்லையென்று ஆறு வயது மகனுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம் சார். இருதயம் வலப்பக்கம் இருக்கிறது என்றார்கள். ஓட்டை இருக்குமோ?

வலப்பக்கம் இருப்பது வேறு, ஓட்டை வேறு அம்மா. கருவிலேயே இதயம் வலப்பக்கம் அமைந்து, கூர்முனையும் வலப்பக்கம் திரும்பியிருந்தால் அதற்கு டெக்ஸ்ட்ரோகார்டியா என்று பெயர். முதலில் அந்தப் படம் சரிதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூலையில் ‘ஆர்’ அல்லது ‘எல்’ என்று வெள்ளையாக ஓர் எழுத்து விழுந்திருக்கும். அதை மாற்றி வைத்து எடுத்திருந்தால் இடப்பக்க இதயமும் வலப்பக்கம் தெரியும்.

அடுத்து, இதயத்தை ஏதாவது தள்ளியிருக்கிறதா? இடது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தாலோ வலது நுரையீரல் சுருங்கினாலோ இதயம் வலப்பக்கம் நகர்ந்துவிடும். அது பிறவி அமைப்பு அல்ல, உடனே வைத்தியம் செய்ய வேண்டிய நுரையீரல் கோளாறு.

பிறகு இரைப்பைக் காற்று. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்குக் கீழே கறுப்புக் குமிழி மாதிரித் தெரியும். அதுவும் வலப்பக்கம் இருந்தால் கல்லீரல், மண்ணீரல் உட்பட எல்லாமே கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் மாறியிருக்கலாம். அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இதயத்தின் உள்ளமைப்பு நன்றாகவே இருக்கும். குமிழி வழக்கம்போல இடப்பக்கம் இருந்து, இதயம் மட்டும் வலப்பக்கம் என்றால் பிறவிக் குறைகளுக்கு வாய்ப்பு அதிகம். இரண்டில் எதுவானாலும் எக்கோவும் (இதய ஸ்கேன்) வயிற்று ஸ்கேனும் கட்டாயம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். சளி ஏன் விடவில்லை என்பதையும் விட்டுவிடாதீர்கள். கீழே அரூர்க்காரருக்குச் சொல்லியிருக்கும் பதிலையும் படியுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு செவிலியர்: இதயம் வலப்பக்கம் இருப்பவர்களுக்கு ஈசிஜி எடுத்தால் தலைகீழாக வருகிறது. ஒயர் மாறிவிட்டதா, இதயமே மாறியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மிக முக்கியமான கேள்வி. இரண்டிலும் லீட் 1 என்ற பதிவில் பி அலை (இதய மேலறைகளின் சிறு அலை) உட்பட எல்லாமே கீழ்நோக்கி இருக்கும், ஏவிஆர் என்ற லீடில் நிமிர்ந்திருக்கும். அதோடு நிறுத்திவிடாமல் நெஞ்சு லீடுகளைப் பாருங்கள். கை ஒயர் மட்டும் மாறியிருந்தால் வி1 முதல் வி6 வரையுள்ள நெஞ்சு லீடுகளில் ஆர் அலை (மேல்நோக்கிய கூரான அலை) வழக்கம்போல வளர்ந்துகொண்டே போகும். டெக்ஸ்ட்ரோகார்டியாவில் வளராது, போகப்போகச் சிறுத்துவிடும். ஏனென்றால் இடது நெஞ்சில் ஒட்டிய லீடுகள் இதயத்தை விட்டு விலகிப்போகின்றன.

டெக்ஸ்ட்ரோகார்டியா என்று தெரிந்தால், முதலில் எடுத்த ஈசிஜியைக் கிழித்துப் போடாமல் பத்திரமாக வையுங்கள். இரண்டாவது எடுக்கும்போது சிவப்பு ஒயரை இடது கையிலும் மஞ்சளை வலது கையிலும் மாட்டுங்கள். வி1 இருந்த இடத்தில் வி2, வி2 இருந்த இடத்தில் வி1. வி3 முதல் வி6 வரை அதே விலா இடைவெளிகளில் வலது நெஞ்சுக்கு மாற்றுங்கள். தாளின் மேல் ‘வலப்பக்க லீடு’ என்று பேனாவால் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்து பார்ப்பவருக்கு அது சாதாரண ஈசிஜியாகத் தெரியும். மாரடைப்பு நேரத்தில் பழையதோடு ஒப்பிடவும் முடியாது.

அரூரிலிருந்து ஒரு தகப்பன்: மகளுக்கும் வலப்பக்க இதயம். பிறந்ததிலிருந்து மூக்கடைப்பு, கோழைச் சளி, காதில் சீழ். நான் கட்டியது அக்கா மகளைத்தான். அதனாலா?

தொடர்பு இருக்கலாம். மூச்சுக்குழாயின் உள்பக்கம் நுண்ணிய மயிரிழைகள் அசைந்து அசைந்து சளியை வெளியே தள்ளும். அவை பிறவியிலேயே சரியாக அசையாவிட்டால் சளி தேங்கி, சைனஸும் நுரையீரலும் கெடும். இதோடு உறுப்புகளும் இடம் மாறியிருந்தால் அதைக் கார்டஜெனர் நோய்க்கூட்டு என்பார்கள். 1933இல் இதை விவரித்த ஸ்விட்சர்லாந்து மருத்துவரின் பெயர் அது. பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அதே பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் அது இருக்க வாய்ப்பு கூடுகிறது. அப்படி இருந்தால் ஒவ்வொரு பேறுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

தினமும் நெஞ்சுப் பயிற்சி செய்து சளியை வெளியேற்ற வேண்டும். தடுப்பூசி எதையும் தவறவிடக்கூடாது. விட்டுவிட்டால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோகும்.

ஓசூரிலிருந்து ஒரு தொழிலாளி: எனக்கு எல்லா உறுப்பும் இடம் மாறியிருக்கிறது. தொந்தரவு எதுவும் இல்லை. கம்பெனியில் சொல்ல வேண்டுமா?

வேலைக்கு இது தடையில்லை. ஆனால் வீட்டாருக்கும் கூட வேலை செய்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குக் குடல்வால் அழற்சி வந்தால் அடிவயிற்றின் இடப்பக்கம் வலிக்கும், பித்தப்பைக் கல் என்றால் இடது விலாவுக்குக் கீழே. மாரடைப்பு வலி வலது தோளுக்கும் கைக்கும் பரவலாம். ‘வலப்பக்கம்தானே, வாயுவாக இருக்கும்’ என்று படுத்துவிடாதீர்கள்.

நினைவிழந்து மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்தும் இடம் மாறாது: நடு நெஞ்செலும்பு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்க நெஞ்சில் ஒட்டும் பட்டைகள் மட்டும் இடம் மாறும். ஒன்று இடது காறை எலும்புக்குக் கீழே, மற்றது வலது அக்குளுக்குக் கீழே. இதைச் சின்ன அட்டையில் எழுதி பர்ஸில் வையுங்கள். 108 வண்டியில் வருபவர் பர்ஸைப் பார்த்தால் தெரிந்துகொள்வார்.

பென்னாகரத்திலிருந்து ஒரு பெண்: எனக்கு இப்படி இருக்கிறது, கல்யாணமாகி மூன்று மாதம். குழந்தைக்கும் வருமா?

பெரும்பாலும் வராது. கருத்தரித்தால் 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் குழந்தையின் இதயத்தையும் இரைப்பையையும் எந்தப் பக்கம் என்று குறிப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் கரு எக்கோ. உங்கள் எக்கோ அறிக்கையை முதல் பரிசோதனைக்கே கொண்டுபோங்கள்.