ஒன்பது மாதம் ஆகவில்லை என்று மறுத்தார்களா? மறுபடி கேளுங்கள்

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். நானும் என் துணைவியும், இருவருமே பெண்கள், 19 வருஷம் ஒன்றாக வாழ்ந்தோம். 2015 ஜூலையில் கல்யாணம் செய்துகொண்டோம், டிசம்பரில் புற்றுநோயில் போய்விட்டாள். எனக்கு 60 வயதானபோது அவள் பெயரில் வரவேண்டிய மாதத்தொகைக்கு சோஷியல் செக்யூரிட்டியில் (அமெரிக்க அரசின் ஓய்வூதிய அமைப்பு) விண்ணப்பித்தேன். கல்யாணமாகி ஒன்பது மாதம் ஆகவில்லை என்று மறுத்துவிட்டார்கள். இப்போது 66. இன்னும் வழி உண்டா?

உண்டு. இந்த வாரமே போன் செய்யுங்கள்.

துணையை இழந்தவருக்கான தொகைக்கு ஒன்பது மாத விதி இருப்பது உண்மைதான். ஆனால் 2005-இல் தன் அரசியல் சட்டத்தையே திருத்தி ஒருபாலினத் திருமணத்தைத் தடுத்து வைத்திருந்தது உங்கள் மாநிலம், அந்தத் தடை 2015 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பில்தான் விழுந்தது, அடுத்த மாதமே நீங்கள் மணம் முடித்துவிட்டீர்கள், இதற்கு மேல் எப்படிச் சீக்கிரம் செய்திருக்க முடியும்? அரிசோனாவில் மைக்கேல் ஈலி என்பவருக்கும் இதே கதைதான். 43 வருஷம் சேர்ந்து வாழ்ந்து, தடை நீங்கியதும் மணந்த கணவர் ஆறு மாதத்தில் இறந்துவிட்டார். ஈலி தொடுத்த வழக்கில் 2020-இல் வென்றார். 2021 நவம்பரில் அரசு மேல்முறையீட்டையும் கைவிட்டது. அதனால் முன்பு மறுக்கப்பட்டவர்களும் திரும்பக் கேட்கலாம். கல்யாணமே செய்ய முடியாமல் துணையை இழந்தவர்களுக்கும், வாஷிங்டன் மாநிலத்து ஹெலன் தார்ன்டன் வழக்கால், கதவு திறந்திருக்கிறது.

பேசும்போது ஒன்றை மறக்க வேண்டாம். புதிதாக விண்ணப்பிக்கிறேன் என்று மட்டும் சொல்லாமல், பழைய விண்ணப்பத்தின் தேதியைச் சொல்லி அதையே மறுபடி திறக்கக் கேளுங்கள், மறுப்புக் கடிதம் இருந்தால் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிலுவைத் தொகை எந்த மாதத்திலிருந்து கிடைக்கும் என்பது அந்தத் தேதியைப் பொறுத்தது.

அப்புறம் ஆதாரங்கள். திருமண, இறப்புச் சான்றிதழ்கள் சரி, அவை போதாது. சட்டம் அனுமதித்திருந்தால் முன்பே மணந்திருப்பீர்கள் என்று காட்ட வேண்டும். இருவர் பெயரிலும் இருந்த வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, உயில், காப்பீட்டில் ஒருவர் மற்றவரை நியமித்தது, நண்பர்கள் எழுதித் தரும் கடிதம், மோதிரம் மாற்றிக்கொண்ட நாளின் புகைப்படம், எல்லாமே உதவும். வேறு மாநிலத்துக்குப் போய் மணந்திருக்கலாமே என்று கேட்டால் தயங்க வேண்டாம்: வெளியில் செய்த அப்படிப்பட்ட திருமணமும் டெக்சாஸில் அப்போது செல்லாது.

இடையில் மறுமணம் செய்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். 60 வயதுக்குப் பிறகு என்றால் பாதிப்பில்லை. உங்கள் சொந்த ஓய்வூதியம் ஏற்கெனவே வருகிறதென்றால் இரண்டும் முழுதாகச் சேர்ந்து வராது, எது அதிகமோ அந்த அளவுதான் கிடைக்கும். மறுபடியும் மறுத்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், அந்தக் கெடுவை மட்டும் தவறவிடாதீர்கள்.