கார்னர்ல பந்தைத் தொடாத ஆளு

அண்ணா வணக்கம்,

நாங்க ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் லீக்ல ஆடுற டீம். போன மேட்ச் 2-1னு தோத்தோம், வாங்குன ரெண்டு கோலுமே கார்னர்ல (கிரவுண்டு மூலைலேர்ந்து அடிக்கிற கிக்) தான். எங்கள்ல ஆறடி ஆளே கிடையாது. ஆளுக்கு ஒருத்தனைப் புடிச்சுக்கிட்டு நில்லுங்கன்னு கோச் சொல்றார், இடத்தைப் பிரிச்சுக்கிட்டு ஸோனலா நிப்போம்னு கேப்டன் சொல்றான், ஒவ்வொரு மேட்சுக்கும் இதே சண்டை. எங்களுக்குக் கார்னர் கிடைச்சாலும் பிரயோஜனம் இல்ல, தூக்கி அடிப்போம், கீப்பர் புடிச்சுடுவான். உயரம் இல்லாத டீம் கார்னர்ல என்ன தான்ணா பண்றது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்க கோச்சும் கேப்டனும் போடுற சண்டை எல்லா ஊர்லயும் நடக்குறது தான். ஸோனல்ல நின்னு ஒரு கோல் வாங்கிட்டா போதும், டிவில பேசுறவங்க ஸோனலே தப்புன்னு சொல்லிடுவாங்க, அதுவே மேன் மார்க்கிங்ல, அதாவது உங்க கோச் சொல்ற மாதிரி ஆளுக்கு ஒருத்தனைப் புடிச்சு நின்னு, கோல் வாங்கினா அந்த ஒரு ஆளு விட்டுட்டான்னு அவன் தலையில பழியைப் போட்டுட்டு முறையை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எனக்கு இது ரொம்ப நாளா இருக்குற ஆத்திரம். ரெண்டுலயும் ஓட்டை இருக்கு, எந்த ஓட்டை எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா சண்டை தன்னால தீந்துடும்.

மேன் மார்க்கிங்கோட ஓட்டையை 2018 உலகக் கோப்பைல இங்கிலாந்து நல்லாவே காட்டுச்சு. நாலு பேர் ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா ஒட்டி வரிசையா நிப்பாங்க, பந்தை அடிக்கிற நேரத்துல நாலு பக்கமும் பிரிஞ்சு ஓடுவாங்க. மார்க் பண்றவன் வரிசைக்குள்ள புகுந்து தன் ஆளை ஒட்டி நிக்க முடியாது, அவங்க பிரிஞ்சு ஓடும்போது ஒருத்தனை ஒருத்தன் இடிச்சுக்கிட்டு ஒரு அடி பின்தங்கிடுவான், ஹெட் பண்ண, அதாவது தலையால முட்ட, அந்த ஒரு அடி போதும். அந்த உலகக் கோப்பைல இங்கிலாந்து அடிச்ச 12 கோல்ல 9, பெனால்டியும் சேர்த்து, நின்ன பந்துல (கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி நிறுத்தி வெச்சு அடிக்கிறது) வந்தது.

ஸோனலோட ஓட்டை வேற. கோலுக்கு முன்னாடி வரிசையா நிக்கிறவன் நின்ன இடத்துலேர்ந்து குதிக்கணும், எதிராளி பத்தடி ஓடி வந்து குதிப்பான். 2010 உலகக் கோப்பை செமிஃபைனல்ல ஸ்பெயின் ஜெர்மனியை 1-0ன்னு ஜெயிச்சுதே, அந்தக் கோலைத் திரும்பப் போட்டுப் பாருங்க. சாவி கார்னர் அடிக்கிறார், புயோல் தூரத்துலேர்ந்து ஓடி வந்து எல்லார் தலைக்கும் மேல எழும்பி முட்டுறார். புயோல் உயரம் 1.78 மீட்டர் தான், ஆறடி கூட இல்ல, ஜெர்மனிக்காரங்க அவரை விட உயரம். ஓட்டம் தான் உயரத்தைக் குடுத்துச்சு. உயரம் இல்லன்னு கவலைப்படுறீங்களே, உங்களுக்காகத் தான் இந்தக் கோலைச் சொல்றேன்.

அதனால இன்னைக்குப் பெரிய டீம்ல நிறைய பேர் ரெண்டையும் கலந்து தான் நிக்கிறாங்க. நல்லா ஹெட் பண்ற நாலஞ்சு பேர் நியர் போஸ்ட்லேர்ந்து (அடிக்கிற மூலைக்குக் கிட்ட இருக்குற கோல் கம்பம்) சிக்ஸ் யார்டு கோட்டை (கோலுக்கு முன்னாடி இருக்குற சின்னக் கட்டத்தோட கோடு) ஒட்டி வரிசையா நிப்பாங்க, அவங்க பார்வை பந்து மேல மட்டும். அவங்களுக்கு முன்னாடி ரெண்டு மூணு பேர், எதிர் டீம்ல நல்லா ஹெட் பண்றவன் ஓடி வர்ற வழியில நின்னு அவன் வேகத்தைக் கெடுக்கிறது மட்டும் தான் இவங்க வேலை. பந்தைத் தொடவே வேண்டாம், அவனை நின்ன இடத்துலேர்ந்து குதிக்க வெச்சுட்டா போதும். உங்க குட்டையான ஆளுங்களுக்கு இதை விட நல்ல வேலை கிடையாது, கோச்சுக்கும் கேப்டனுக்கும் பாதிப் பாதி ஜெயிச்ச மாதிரியும் ஆச்சு.

இப்ப அடிக்கிற பக்கம். நம்ம ஆளுங்க கார்னர்னா அடிக்கிறவனையும் முட்டுறவனையும் மட்டும் தான் பாப்பாங்க, ஆனா கோல் வர்றது, நடுவுல பந்தைத் தொடாம நிக்கிற ஆளால. இங்கிலாந்து கிளப் அர்செனலைப் பாருங்க, 2021ல நிக்கோலா ஜோவர்னு செட் பீஸுக்குன்னே, அதாவது இந்த நின்ன பந்துக்குன்னே, ஒரு கோச்சைக் கொண்டு வந்தாங்க, 2023-24 பிரீமியர் லீக்ல கார்னர்ல மட்டும் 16 கோல். சாகா இடது கால், வலது மூலைலேர்ந்து அடிப்பார், ரைஸ் வலது கால், இடது மூலைலேர்ந்து அடிப்பார், ரெண்டு பந்துமே கோலைப் பாத்து வளைஞ்சு வரும். முட்டுறவங்க ஃபார் போஸ்ட் (தூரத்துல இருக்குற கோல் கம்பம்) பக்கம் கூட்டமா நின்னு ஒரே நேரத்துல உள்ள ஓடி வருவாங்க. இதெல்லாம் நடக்கும்போது பென் வைட் கீப்பரை ஒட்டி நின்னுக்கிட்டு இருப்பார், கீப்பர் வெளிய வந்து பந்தைப் புடிக்க வழியே இருக்காது. கேப்ரியல் முட்டுறது தான் ரீப்ளேல வரும், பென் வைட்டை யாரும் பேச மாட்டாங்க.

உங்க கீப்பர் பிரச்சனைக்கும் மருந்து இது தான், ஒரு ஆளை அவன் முன்னாடி நிக்க வைங்க. ஆனா ரூலைத் தெரிஞ்சுக்கிட்டுப் பண்ணணும், முன்னாடியே வந்து நிக்கிற இடம் உங்க இடம், அது தப்பு இல்ல, கீப்பர் நகரும்போது நீங்களும் நகந்து வழியை மறிச்சா, கையால புடிச்சா, ஃபவுல். எதிர் டீம் உங்க கீப்பரை இப்படி அடைச்சா ஒரு டிஃபெண்டரை அங்க அனுப்பி இடம் எடுத்துக் குடுங்க.

தூக்கி அடிச்சே ஆகணும்னும் இல்ல. ஷார்ட் கார்னருக்கு (தூக்கி அடிக்காம பக்கத்துல இருக்குறவனுக்குத் தட்டி விடுறது) ரெண்டு பேர் போனா எதிர் டீம்லேர்ந்தும் ரெண்டு பேர் பாக்ஸை (கோலுக்கு முன்னாடி இருக்குற பெரிய கட்டம்) விட்டு வந்தாகணும், உள்ள கூட்டம் குறையும், வரலன்னா கொஞ்சம் உள்ள வந்து நல்ல கோணத்துல க்ராஸ் போடலாம். ஒண்ணு மட்டும், கார்னர்லேர்ந்து நேரா வர்ற பந்துக்கு ஆஃப்சைடு (பாஸ் அடிக்கிற நேரத்துல டிஃபெண்டர்களைத் தாண்டி கோல் பக்கம் நிக்கிற தப்பு) கிடையாது, அடுத்த பாஸுக்கு உண்டு. கார்னர் அடிச்சவன் அந்த மூலைலயே நின்னுக்கிட்டு பந்தைத் திரும்ப வாங்கி ஆஃப்சைடு ஆகுறதை லீக் மேட்ச்ல நான் நிறைய பாத்திருக்கேன், அடிச்ச உடனே உள்ள வரச் சொல்லுங்க.

நீங்க கேக்காத ஒண்ணு இருக்கு, எனக்கு இது தான் முக்கியம். 2018 உலகக் கோப்பைல ஜப்பான் பெல்ஜியம் மேட்ச், 2-0ன்னு முன்னாடி இருந்த ஜப்பான் 2-2 ஆகி, இஞ்சுரி டைம்ல அவங்களுக்கு ஒரு கார்னர். எக்ஸ்ட்ரா டைமுக்குப் போயிருந்தாலே பெரிய விஷயம், ஆனா ஜெயிக்கணும்னு ஆளுங்களை பாக்ஸுக்குள்ள ஏத்தினாங்க. ஜப்பானோட ஹோண்டா அடிச்ச பந்து நேரா பெல்ஜியம் கீப்பர் கோர்த்துவா கைக்குப் போச்சு, அவர் உடனே டி ப்ரூய்னுக்கு உருட்டி விட்டார், டி ப்ரூய்னை நடு கிரவுண்டு வரைக்கும் மறிக்க ஆளே இல்ல, அங்கேர்ந்து பந்து முனியேவுக்குப் போச்சு, அவர் உள்ள அடிச்சதை லுகாக்கு தொடாம விட, சாட்லி உள்ள தள்ளினார். கிட்டத்தட்ட பத்து செகண்டுல ஜப்பானோட உலகக் கோப்பை முடிஞ்சு போச்சு. அந்த ஜப்பான் டீமை நினைச்சா எனக்கு இன்னும் வலிக்குது, அவ்வளவு அழகா ஆடினாங்க.

அதனால நீங்க கார்னர் அடிக்கும்போது ஒரு ஆளு பாக்ஸ் முனைல நிக்கணும், பந்து வெளிய வந்தா எடுக்கவோ, இல்ல கீப்பர் உருட்டி விடுற முதல் ஆளை மறிக்கவோ. பின்னாடி ரெண்டு பேர், எதிர் டீம் ஒருத்தனை மேல விட்டு வெச்சிருந்தா ரெண்டு, ரெண்டு பேரை விட்டிருந்தா மூணு. அடுத்த ஞாயிறு கார்னர் அடிக்கிறதுக்கு முன்னாடி இவங்க மூணு நாலு பேரை முதல்ல நிறுத்திட்டு, மிச்சம் இருக்குறவங்களை உள்ள அனுப்புங்க.