பழைய டிவி கேமைப் போனில் வாங்கலாமா? விலையும் விரலும்

கேள்வி: பழைய டிவி கேமில் கேசட் போட்டு ஆடிய மரியோவைப் போனில் தேடினால் சில கேம்கள் இலவசம், சில காசு என்று வருகின்றன. ‘இலவசம்’ என்று போட்டதை இறக்கினாலும் பாதியில் பணம் கேட்கிறது. எதை நம்புவது?
– வாசகர், குகை, சேலம்

பதில்: ப்ளே ஸ்டோரில் கேமின் கடைப் பக்கத்தில் பெரிதாகத் தெரியும் ‘இன்ஸ்டால்’ பட்டனை விட்டுவிட்டு, அதையொட்டிச் சின்ன எழுத்தில் உள்ள இரண்டு வரிகளைப் படியுங்கள். ‘விளம்பரங்கள் உள்ளன’ என்பது ஒன்று, ‘ஆப்பில் வாங்குதல்கள்’ என்பது மற்றொன்று. ‘இந்த ஆப்பைப் பற்றி’ என்பதைத் திறந்து அடிவரை போனால், உள்ளே விற்கும் பொருளின் குறைந்த விலையும் அதிக விலையும் இருக்கும். பத்து ரூபாயில் தொடங்கி ஆயிரங்களில் முடிகிறது என்றால் அது காசுப்பை, வைரப்பை விற்கும் கடை. குறைந்ததும் அதிகமும் ஒரே தொகை என்றால் பெரும்பாலும் முழு கேமைத் திறக்கும் ஒரே கட்டணம், அல்லது விளம்பரத்தை நீக்கும் கட்டணம். இந்த ஒரே கட்டண வகை இரண்டும் நேர்மையான வியாபாரம்.

மரியோவை உருவாக்கிய நிண்டெண்டோ நிறுவனமே போனுக்கு வெளியிட்ட மரியோ ஓட்ட கேம் ‘சூப்பர் மரியோ ரன்’. ஐபோனில் 2016 டிசம்பரிலும் ஆண்ட்ராய்டில் 2017 மார்ச்சிலும் வந்தது. முதல் சில கட்டங்கள் இலவசம். மீதியைத் திறக்க அப்போது அமெரிக்க விலை 9.99 டாலர், ஒரே தடவை. டிவி கேமில் ஆடிய அதே பழைய மரியோவை நிண்டெண்டோ போனுக்கு விற்றதில்லை. மீசைக்காரன் படம் போட்டு வேறு நிறுவனங்கள் தருபவை எல்லாம் சாயல்கள். கேமைத் தொட்டுப் பார்க்கும் முன் ‘வெளியிட்டவர்’ பெயரைத் தொட்டு, அவர்களுடைய மற்ற ஆப்புகளைப் பாருங்கள். டார்ச் லைட், வால்பேப்பர், மரியோ மூன்றும் ஒரே கையில் இருந்தால் விட்டுவிடலாம்.

கேள்வி: காசு கொடுத்தே வாங்கினேன். டிவியில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளத்தில் போனில் பத்து முறை விழுகிறேன். என் கையா, போனா, கேமா?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: கை மேல் பழி போடாதீர்கள். பழைய டிவி கேம் ரிமோட்டில் இடது கட்டை விரலுக்கு அடியில் மேடும் பள்ளமும் இருந்தன. எது வலது, எது இடது என்று பார்க்காமலே விரலுக்குத் தெரியும். கண்ணாடி வழவழப்பு. ஆட்டச் சூட்டில் விரல் அரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், நகர்ந்தது தெரியாது. ஆள் நின்றுவிடுவான், நீங்கள் தாண்டும் பட்டனை அழுத்தியிருப்பீர்கள். பள்ளம்தான்.

இரண்டாவது சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. சுட்டுக்கொண்டே தாண்டும் கேம்களில் பழைய ஆட்டக்காரர்கள் வலது கட்டை விரலைப் படுக்க வைத்து, நுனியால் ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு கணுப்பக்கம் இன்னொன்றை அழுத்துவார்கள். தொடுதிரை ஒரு விரலை ஒரே புள்ளியாகத்தான் எடுத்துக்கொள்ளும். விரலை இரண்டு பட்டன் மேல் படுக்க வைத்தால் நடுப்புள்ளி எதன் மேல் விழுகிறதோ அது மட்டும் வேலை செய்யும். 2017 ஜனவரியில் கேப்காம் நிறுவனம் போனுக்குக் கொண்டுவந்த ‘மெகா மேன்’ வகைக் கேம்கள் கண்ணாடியில் கடினமாக இருப்பது இதனால். ‘சோனிக்’ அப்படியில்லை. திசையும் ஒரே ஒரு தாண்டும் பட்டனும் போதும். ‘மரியோ ரன்’னில் திசையே இல்லை. ஆள் தானாக ஓடுவான், தட்டினால் தாண்டுவான், கூடுதல் நேரம் அழுத்தினால் உயரத் தாண்டுவான். ஆக, வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: வலது கைக்கு ஒரே நேரத்தில் எத்தனை பட்டன் வேலை? ஒன்று என்றால் தைரியமாக வாங்குங்கள். இரண்டு என்றால் யோசியுங்கள். மூன்று என்றால் கன்ட்ரோலர் (போனில் மாட்டும் பட்டன் ரிமோட்) இல்லாமல் வேண்டாம்.

போன் பக்கம் செய்ய வேண்டியவையும் உண்டு. ஓரத்திலிருந்து இழுத்தால் பின்னால் போகும் சைகை, போனைப் படுக்கப் போட்டால் சரியாக உங்கள் இரண்டு கட்டை விரலுக்கும் அடியில் வந்து நிற்கும். செட்டிங்ஸில் ‘மூன்று பட்டன் நேவிகேஷன்’ என்று மாற்றினால் அந்தத் தொல்லை போகும். கேமில் பட்டனைப் பெரிதாக்கவோ நகர்த்தவோ வசதி இருந்தால் திசைப் பட்டனை ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளுங்கள். தடித்த டெம்பர் கிளாஸோ, ஓரத்தில் காற்று நின்ற கிளாஸோ ஒட்டியிருந்தால் தொடுதல் மந்தமாகும். கழற்றிவிட்டு ஒரு முறை ஆடிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். சார்ஜ் ஏறும்போது மட்டும் ஆள் தானாகத் துள்ளுகிறானா? பிராண்டு இல்லாத சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் திரையைக் குழப்புகிறது. சார்ஜரைப் பிடுங்குங்கள், கேமைத் திட்டாதீர்கள். விரலில் ஈரமோ வியர்வையோ இருந்தாலும் இதே கதைதான்.

இத்தனைக்குப் பிறகும் சரிவரவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கூகுள் ப்ளேயில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே கேட்கலாம். ப்ளே இணையதளத்தில் உங்கள் படத்தைத் தொட்டு, ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, ‘பட்ஜெட் அண்ட் ஆர்டர் ஹிஸ்டரி’ என்று போனால், வாங்கிய பொருளின் அருகே பிரச்சினையைத் தெரிவிக்கும் வழி இருக்கும். 48 மணி நேரம் தாண்டினால் கேமை வெளியிட்டவரிடம்தான் போக வேண்டும். எனவே வெள்ளி இரவு வாங்கி, அடுத்த ஞாயிறு ஆடிப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். வாங்கிய அன்றே அரை மணி நேரம் ஆடுங்கள். ஒரு முறை பணம் திரும்பப் பெற்ற கேமை மறுபடி வாங்கினால் அந்தச் சலுகை கிடைக்காது.

கேள்வி: குடும்பத்தோடு ஏற்காடு போகும்போது பிள்ளைகளுக்குக் கேம் போட்டுக் கொடுத்தால் நடு வழியில் நின்றுவிடுகிறது. காசு கட்டிய கேம்தானே?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: காசு கட்டியதற்கும் சிக்னலுக்கும் தொடர்பில்லை. சில கேம்கள், ‘மரியோ ரன்’ உட்பட, ஆடும்போதெல்லாம் இணையம் கேட்கும். கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் விட்டு விட்டு வந்தால் கேமும் விட்டு விட்டுத்தான் ஓடும். புறப்படும் முன் வீட்டிலேயே போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, கேமை முழுதாக மூடித் திறந்து இரண்டு கட்டம் ஆடிப் பாருங்கள். ஓடினால் மலையிலும் ஓடும். (இருபது வளைவிலும் குனிந்து திரையைப் பார்க்கும் பிள்ளைக்கு வாந்தி வரும். அதற்குப் பணம் திரும்பக் கிடைக்காது.)

மனைவி போன், மகன் போன் என்று தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. கூகுளின் குடும்பக் குழுவில் உங்களையும் சேர்த்து ஆறு பேர் இருக்கலாம். விலை கொடுத்து இறக்கிய கேமை ‘ஃபேமிலி லைப்ரரி’யில் சேர்த்தால் மற்றவர்களும் ஆடலாம். ஆனால் இலவசமாக இறக்கி, உள்ளே பணம் கட்டித் திறந்த கேமுக்கு இது செல்லாது. வீட்டில் மூவர் ஆடுவார்கள் என்றால் முதலிலேயே விலை கொடுத்து இறக்கும் கேம்தான் மலிவு.

கேள்வி: பழைய கேம் ஒன்றை ‘மூன்று நாள் இலவசம்’ என்று மகள் இறக்கினாள். பிறகு ஆப்பை நீக்கிவிட்டோம். இருந்தும் வாரா வாரம் ₹199 போகிறது.
– வாசகர், ஓமலூர்

பதில்: ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ போய், ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பட்டியலில் அந்தப் பெயரைத் தொட்டு ரத்து செய்யுங்கள். யூபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ (தானாகப் பணம் எடுக்கும் அனுமதி) பகுதியையும் திறந்து பாருங்கள். வாரம் ₹199 என்றால் வருடத்துக்கு ₹10,348. அந்தப் பணத்துக்கு நல்ல கேம்கள் ஒரு கூடை வாங்கலாம்.

போன பணத்துக்கு முதலில் கூகுளிடம் கேளுங்கள். ஆர்டர் எண் ஜி.பி.ஏ. என்று தொடங்கும், ரசீது மின்னஞ்சலில் இருக்கும். பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சேலத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.

கேள்வி: இந்தக் கேம்களுக்காக 120 ஹெர்ட்ஸ் (திரைப் படம் நொடிக்கு 120 முறை மாறும்) ‘கேமிங் போன்’ வாங்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், ஏற்காடு

பதில்: வேண்டாம். பழைய டிவி கேம்கள் நொடிக்கு 60 படம் என்ற அளவுக்குச் செய்யப்பட்டவை. சாதாரணப் போனே அதைத் தரும். பேட்டரி சேவர் அணைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் போனை இரு பக்கமும் பிடிக்கும் டைப்-சி கன்ட்ரோலர் வாங்கலாம். கடையிலேயே உங்கள் போனைக் கவர் கழற்றிப் பொருத்திப் பாருங்கள். கேமரா மேடு இடித்தால் பிளக் சரியாக உட்காராது. கேம் கன்ட்ரோலரை ஏற்குமா என்பதை அதன் கடைப் பக்கத்தில் முன்பே பார்த்துவிடுங்கள். எல்லாக் கேமும் ஏற்காது.