பரணில் கிடந்த க்ளோ என்ஜினின் ப்ரொப்பல்லர் சுற்றவே மாட்டேன் என்கிறது. ஸ்டார்ட்டர் போட்டுப் பார்க்கலாமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: மாமா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த 46 சைஸ் க்ளோ என்ஜின் (ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானத்துக்கான குட்டி என்ஜின்), பழகுவதற்கான ட்ரெய்னர் விமானத்தோடு சேர்ந்து பல வருடம் பரணில் கிடந்திருக்கிறது. இப்போது கையால் சுற்றினால் அசைய மறுக்கிறது. வீடு குளச்சல் பக்கம், கடலுக்குக் கிட்ட. கையில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் இருக்கிறது, அதை வைத்து ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடுமா?

வேண்டாம். ஸ்டார்ட்டரை இப்போதைக்குக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பெரிய ஸ்பானரை வைத்து ப்ரொப்பல்லர் நட்டோடு மல்லுக்கட்டுவதும் வேண்டாம். 46 என்றால் 0.46 கன அங்குலம், ஏறத்தாழ 7.5 சிசி. அந்த என்ஜினுக்குள் பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு அலுமினியத் துண்டுதான். ஸ்டார்ட்டரின் முறுக்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை. என்ஜின் கெட்டுப்போனதால் சுற்றாமல் இருப்பதை விட, சுற்றவைக்கப் போய்க் கெட்டுப்போனவைதான் அதிகம்.

எங்கள் ஊரில் வள்ளத்து என்ஜின் பார்க்கும் ஒரு மெக்கானிக் எதை எடுத்துக்கொண்டு போனாலும் முதலில் சொல்வது: "சும்மா கெடந்து மல்லுக்கட்டாத மக்கா. எங்க பிடிக்குன்னு பாரு." உங்கள் கேள்விக்கும் அதுதான் பதில். எங்கே பிடிக்கிறது, எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வேலை, சிலிண்டர் தலையில் எரிபொருளைப் பற்றவைக்க இருக்கும் க்ளோ பிளக்கைக் கழற்றுவது. பெரும்பாலான பிளக்குக்கு 8 மி.மீ. ஸ்பானர் சேரும். அடியில் சின்ன செம்பு வாஷர் இருக்கும், தொலைத்துவிடாதீர்கள். பிளக் துளையில் ஒரு துணியை வைத்துக்கொண்டு, விமானத்தைக் கவிழ்த்துப் பிடித்து, ப்ரொப்பல்லரை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுங்கள். எண்ணெயோ பழைய எரிபொருளோ சீறிக்கொண்டு வந்து, உடனே என்ஜின் இலகுவாகச் சுற்றினால் கதை முடிந்தது. பிஸ்டனுக்கு மேலே திரவம் நின்றிருக்கிறது, அவ்வளவே. காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. இந்த நிலையில் ஸ்டார்ட்டர் போட்டால்தான் கனெக்டிங் ராடு வளையும். துணி வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு: எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால், அது கண்ணில் படக் கூடாது.

பிளக்கை எடுத்த பிறகும் சுற்ற மறுத்தால், பிடிக்கிற விதத்தைக் கவனியுங்கள்.

சுற்று முழுவதும் இலகுவாக வந்து, பிஸ்டன் உச்சிக்குப் போகும் இடத்தில் மட்டும் 'கீச்' என்று பிடித்தால் பயப்படவே வேண்டாம். பல 46 என்ஜின்கள் ஏபிசி வகை. அலுமினியம் பிஸ்டன், பித்தளை ஸ்லீவ் (பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்), ஸ்லீவின் உட்புறம் குரோமியம் பூச்சு. குரோமியத்துக்குப் பதில் நிக்கல் பூசினால் ஏபிஎன். இந்த வகையில் பிஸ்டன் ரிங் கிடையாது. ஓடும்போது ஸ்லீவின் மேல் பகுதிதான் அதிகம் சூடாகி அதிகம் விரியும் என்பதால், குளிர்ந்திருக்கும்போது மேலே சற்றுக் குறுகலாக இருக்கும்படிதான் அதைச் செய்கிறார்கள். சூடானதும் சரியான அளவுக்கு வந்துவிடும். புது என்ஜினை வாங்கிவந்து, "உச்சியில் பிடிக்கிறது, டூப்ளிகேட்" என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு. குளிரில் அதைத் திரும்பத் திரும்ப வலிந்து சுற்றினால்தான் தேய்மானம். தலைமுடி உலர்த்தும் ட்ரையரால் சிலிண்டரைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள், இலகுவாக வரும். எடுத்து வைக்கும்போதும் பிஸ்டனை உச்சியில் நிறுத்தாமல் கீழே இறக்கி வையுங்கள்.

இனி, தேனுக்குள் சுற்றுவதுபோல் முழுச் சுற்றும் கனமாக இருந்தால், அல்லது அசையவே இல்லை என்றால், பழைய ஆமணக்கெண்ணெய் மேல்தான் என் முதல் சந்தேகம். உங்கள் என்ஜினுக்கும் அதுவே என்று நினைக்கிறேன். க்ளோ எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். அதில் ஆமணக்கெண்ணெய் இருந்தால் என்ஜினுக்கு நல்லது. கொதிக்கும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது. ஆனால் அதே குணம் பின்னால் வினையாகிறது. மெத்தனால் ஆவியாகிப் போக, மிஞ்சிய எண்ணெய் காற்றுப் பட்டு இறுகி வார்னிஷ் ஆகிவிடும்.

இதற்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைக்கச் சொல்பவர்கள் உண்டு. கடற்கரை ஊரில் மண்ணெண்ணெய்க்குப் பஞ்சமில்லை, சொல்வது இயல்புதான். ஆனால் ஆமணக்கெண்ணெய் மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும் சரியாகக் கலக்காது. முதல் உலகப்போர் விமானங்களின் ரோட்டரி என்ஜின்களில் ஆமணக்கெண்ணெயை ஊற்றியதே, பெட்ரோல் அதைக் கழுவிக்கொண்டு போகாது என்பதால்தான். அது ஆல்கஹாலில் கரையும், அசிட்டோனில் கரையும், பெயின்ட் கடையில் கிடைக்கும் என்சி தின்னரிலும் கரையும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், பேரிங்குக்கு ஆகாது. மெத்தனாலையே தேடிப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் அது மதுவிலக்குச் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் வரும் பொருள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த சாவுகளுக்குப் பிறகு, அந்தப் பெயரைச் சொன்னாலே கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். நியாயமும்தான்.

கரைப்பானை விடவும் வேலை செய்வது சூடு. என்ஜினை விமானத்திலிருந்து கழற்றுங்கள். டேங்க், எரிபொருள், தின்னர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கார்புரேட்டரையும் எடுத்துவிடுங்கள், அதில் ரப்பர் ஓ-ரிங்குகள் இருக்கும். அப்புறம் ஹீட் கன்னால் எல்லாப் பக்கமும் சமமாகச் சூடாக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகும் அளவு போதும். தோல் கையுறை போட்டுக்கொண்டு, ப்ரொப்பல்லரைப் பிடித்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள். வார்னிஷ் இளகும்போது கைக்குத் தெரியும். முதலில் ஒரு நூல் அசையும், அப்புறம் கால் சுற்று, அப்புறம் முழுச் சுற்று. இளகியதும் பிளக் துளை வழியாகவும் கார்புரேட்டர் இருந்த துளை வழியாகவும் மெல்லிய எண்ணெய் விட்டுச் சுற்றுங்கள். தையல் மெஷின் எண்ணெய் போதும். தின்னரால் கழுவுவது என்றால், என்ஜின் முழுக்க ஆறிய பிறகு, வெட்டவெளியில்.

வெளியே கருகிப் பிடித்த பழுப்பு நிறத்தைப் போக்க, காருக்கு ஊற்றும் கூலன்ட்டில் என்ஜினைப் போட்டுக் கொதிக்காத சூட்டில் மணிக்கணக்கில் வைப்பார்கள். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அந்தக் கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். அதற்கு எடுத்த பாத்திரம் அதோடு அடுக்களைக்குத் திரும்பக் கூடாது. காஸ்டிக் சோடா, கக்கூஸ் கழுவும் ஆசிட் இரண்டுமே அலுமினியத்தைத் தின்றுவிடும், பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

கனமாக இல்லாமல் 'கர கர' என்று மணல் அரைப்பது மாதிரி வந்தால், அல்லது சூடு காட்டியும் அசையவில்லை என்றால், பின்னால் இருக்கும் பேக் பிளேட்டைக் கழற்றுங்கள். பொதுவாக நான்கு ஸ்க்ரூ. சரியான அளவு ஆலன் கீ அல்லது ஸ்க்ரூ டிரைவர் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடலாம், தலை மழுங்கினால் பெரிய தொல்லை. உள்ளே பார்க்கும் நிறம்தான் பதில். தேன் நிறத்தில் பளபளப்பாக இருந்தால் ஆமணக்கெண்ணெய், திரும்பவும் சூடு காட்டுங்கள். சிவப்பாக இருந்தால் துரு.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் துருவுக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கிற மண், மூன்று பக்கமும் உப்புக்காற்று. நாம் பறக்கவிடுவதும் பெரும்பாலும் கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் கொஞ்ச நாள்தான், மீதி நாளெல்லாம் என்ஜின் சும்மா கிடக்கிறது. மெத்தனால் ஈரத்தை இழுக்கும் பொருள் என்பதால், மிச்ச எரிபொருளோடு வைத்த என்ஜினுக்குள் தண்ணீரும் சேரும். இதற்கு மேல் இன்னொன்று: மெத்தனால் சரியாக எரியாதபோது ஃபார்மிக் ஆசிட் உண்டாகும். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் வீடுகளில் பாலை உறையவைக்க வைத்திருக்கும் அதே ஆசிட். என்ஜின் தனக்குள்ளேயே அதைக் கொஞ்சம் தயாரித்துக்கொள்கிறது. ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் ஆசிட் கேனுக்குப் பக்கத்தில் விமானத்தைத் தொங்கவிடுகிறவர்களுக்கு நான் வேறு என்ன சொல்ல!

துருப்பிடித்த பேரிங்கை எண்ணெய் விட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். சுற்றும், ஆனால் துருத்தூள் பிஸ்டனுக்குப் போய் ஸ்லீவைக் கீறும். ஐநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் என்ஜினே போய்விடும். பேரிங்கைக் கழற்றுவது நினைப்பதை விட எளிது. ஸ்லீவ், பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட் (ப்ரொப்பல்லரைச் சுழற்றும் தண்டு) எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் கிராங்க் கேஸை, அதாவது என்ஜினின் வெளிக்கூட்டைச் சூடாக்கினால், அலுமினியம் எஃகை விட அதிகம் விரிவதால் ஒரு மரக்கட்டையில் தட்டினால் பின் பேரிங் தானே விழும். முன் பேரிங்கை உள்ளிருந்து ஒரு மரக்குச்சியால் தள்ள வேண்டும். வளையத்தில் எண் பொறித்திருக்கும், அதைக் கொண்டுபோனால் பேரிங் கடையில் கிடைக்கும். எண்ணுக்குப் பின்னால் சி3 (உள்ளே இடைவெளி சற்றுக் கூடுதலான வகை) என்று இருந்தால், சி3 தான் வேண்டும் என்று அழுத்திக் கேளுங்கள். கழற்றும்போது கனெக்டிங் ராடின் எந்தப் பக்கம் முன்னால் இருந்தது, பிஸ்டன் எப்படி இருந்தது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். திரும்ப அதேபடிதான் மாட்ட வேண்டும்.

உள்ளே கறுப்பும் சிவப்புமாக மணல் துகள் தெரிந்தால் நிலைமை வேறு. மாமா இந்த விமானத்தைக் கடற்கரையில் பறக்கவிட்டிருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் உண்டு. அதற்காகத்தான் அங்கே மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல்லின் ஆலையே இருக்கிறது. இதில் கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யவும், உலோகத்தின் மேல் பீச்சியடித்துத் துரு எடுக்கவும் பயன்படுத்தும் பொருள். அது பிஸ்டனுக்கும் ஸ்லீவுக்கும் நடுவில் போய்விட்டால் ஒவ்வொரு சுற்றும் கீறல்தான். மணல் என்று தெரிந்ததும் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் முழுக்கப் பிரித்துக் கழுவுங்கள். கடற்கரையில் மூக்குக் குத்தி விழுந்த விமானத்தின் ப்ரொப்பல்லரைச் சுற்றிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் முதலில் கை போகும். அதை மட்டும் செய்யக் கூடாது.

இவை எதுவும் இல்லை, ஆனாலும் இறுக்கம் என்றால் இன்னும் ஓரிரண்டு இடம் பாக்கி. ஸ்பின்னரின் (ப்ரொப்பல்லர் நடுவில் மாட்டும் கூம்பு மூடி) பின்தட்டோ ப்ரொப்பல்லருக்குப் பின்னால் இருக்கும் வாஷரோ என்ஜின் மூக்கில் உரசுகிறதா பாருங்கள். என்ஜினை விமானத்தோடு பிடித்திருக்கும் மவுன்ட் போல்ட்டுகளைத் தளர்த்தியதும் என்ஜின் இலகுவாகிறதா என்றும் பாருங்கள். மவுன்ட் சமமாக இல்லாமல் இறுக்கினால் கிராங்க் கேஸே லேசாக முறுகும். எங்காவது விழுந்து கிராங்க் ஷாஃப்ட் வளைந்திருந்தால், ப்ரொப்பல்லரைச் சுற்றும்போது அதன் நுனி முன்னும் பின்னும் ஆடுவது கண்ணுக்கே தெரியும். வளைந்த ஷாஃப்டை நிமிர்த்த லேத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், புதிது வாங்குவதுதான் வழி. பழைய மாடலுக்கு ஷாஃப்ட் கிடைக்காவிட்டால் அந்த விமானத்துக்கு ஒரு எலெக்ட்ரிக் மோட்டார் போட்டுவிடலாம். எனக்கு அந்த என்ஜின் சத்தமும் ஆமணக்கெண்ணெய்ப் புகை வாசனையும் இல்லாமல் பறப்பது பிடிக்காது. அது என் பிரச்சினை.

என்ஜின் இலகுவாகிவிட்டால் புது பிளக், புது எரிபொருள் குழாய் போட்டு, முதல் டேங்க் முழுவதும் எரிபொருள் கூடுதலாகப் போகும்படி கார்புரேட்டரின் ஊசித் திருகைத் திறந்துவைத்து ஓட்டுங்கள். முடிக்கும்போது குழாயைப் பிடுங்கி, உள்ளே இருப்பது எரிந்து தானே அணையும்வரை விடுங்கள். பிறகு கார்புரேட்டரிலும் பிளக் துளையிலும் சில சொட்டு எண்ணெய். ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கு ஊற்றும் ஏடிஎஃப் இதற்கு மிக நல்லது.

இப்போதைக்கு பிளக்கையும் பேக் பிளேட்டையும் மட்டும் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் உள்ளே ஒரு படம் எடுத்துப் பதிலுக்குக் கீழே போடுங்கள். பழுப்பா சிவப்பா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன். என்ஜினின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எழுத்தும் படத்தில் தெரியட்டும், ரிங் வைத்ததா ஏபிசியா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.