ஏபி மார்க் எங்கே செல்லும், எங்கே செல்லாது

கலிஃபோர்னியாவின் ஃபிரிமான்ட்டில் இருந்து ஓர் அம்மா போன வாரம் பேசினார். மகள் பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாள், ஒரே வருடத்தில் ஐந்து ஏபி (பள்ளியிலேயே படித்து எழுதும் கல்லூரி அளவுத் தேர்வு) எடுக்கச் சொல்லலாமா என்று கேட்டார். கூப்பர்டினோவில் இருக்கும் பெரியப்பா மகன் ஒன்பது எழுதினானாம், காலேஜில் ஒரு வருடமே மிச்சமாம். பதற்றமாக இருந்தார், சமாதானமாகத்தான் பேச ஆரம்பித்தேன். பட்டியலைக் கேட்டதும் அது முடியவில்லை. ஃபிசிக்ஸ் சி, கால்குலஸ் பிசி, கெமிஸ்ட்ரி, பயாலஜி, கம்ப்யூட்டர் சயின்ஸ். அந்தப் பெண் ஆசைப்பட்டது ஒன்றுகூட இல்லை.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான். முதலில் அந்த 'ஒரு வருடம் மிச்சம்' கதையைப் பார்ப்போம். யூசி, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில், ஐந்துக்கு 3 வாங்கினாலே பட்டக் கணக்கில் சேரும் யூனிட் உண்டு, பெரும்பாலான தேர்வுகளுக்கு காலாண்டுக் கணக்கில் 8 யூனிட், பட்டத்துக்கு 180 வேண்டும். ஆனால் அந்த யூனிட் மேஜர் (முதன்மைப்) பாடத்தில் கழியுமா, வெறும் எண்ணிக்கையில் சேருமா என்பதை அந்தந்த வளாகமும் துறையும்தான் முடிவு செய்யும். கால்டெக், பிரவுன், டார்ட்மத் மாதிரி இடங்களில் பட்டக் கணக்கில் ஏபி சேரவே சேராது. டாக்டருக்குப் படிக்கணும் என்றாலும், பல மெடிக்கல் ஸ்கூல்கள் பயாலஜியையும் கெமிஸ்ட்ரியையும் காலேஜிலேயே படித்துவிட்டு வா என்கின்றன. 2025 கணக்குப்படி ஒரு தேர்வுக்கு 99 டாலர், ஐந்துக்கு 495, டியூஷன் தனி. வேண்டாம். ஆங்கில ஏபி ஒன்று எழுதட்டும், அதில் 3 வந்தாலே யூசி-யில் எல்லோரும் முடிக்க வேண்டிய ஆரம்ப எழுத்துப் பயிற்சித் தேவை தீர்ந்துவிடும். கூட அவளே தேர்ந்தெடுக்கும் இன்னொன்று, போதும்.

அவள் ஆசைப்படுவது சைகை மொழி. பக்கத்து வீட்டுக் காது கேளாத பிள்ளையோடு பேசிப் பேசி வந்த ஆசை. அதற்கு ஏபி தேர்வே கிடையாது, அதனால் வீட்டில் யாரும் அதைப் படிப்பாக எண்ணவில்லை. ஆனால் கலிஃபோர்னியா அரசின் காது கேளாதோர் பள்ளிகளில் ஒன்று 1980-லிருந்து உங்கள் ஊரில்தான் இருக்கிறது, அதே ஊர் ஓலோனி கல்லூரியில் சைகை மொழிக்கும் மொழிபெயர்ப்புக்கும் தனிப் படிப்பே நடக்கிறது. பள்ளியில் படிக்கும்போதே அங்கே சேரலாம், ஒரு செமஸ்டருக்கு 11 யூனிட் வரை கட்டணம் இல்லை, புத்தகச் செலவும் சில்லறைக் கட்டணங்களும்தான். கல்லூரியில் ஒரு செமஸ்டர் படித்த பாடத்தைப் பள்ளியில் ஒரு வருடம் படித்ததாக யூசி எடுத்துக்கொள்ளும், சைகை மொழியை இரண்டாம் மொழியாகவும் ஏற்கும். பாடம் யூசி-க்கு மாறக்கூடியதா என்று, எந்தக் கல்லூரிப் பாடம் எங்கே செல்லும் என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். மாறும் என்றால் ஜிபிஏ (சராசரி மார்க்) கணக்கில் ஏபி போலவே கூடுதல் புள்ளியும் உண்டு.

ஏபி போல மே மாதத்து ஒரு காலைத் தேர்வை நம்பி இருக்க வேண்டியதில்லை, செமஸ்டர் முழுக்க உழைத்தது மார்க்காகும். ஆனால் அந்த கிரேடு காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாக நிற்கும், அதனால் முதல் செமஸ்டரில் ஒரே ஒரு பாடம். அப்புறம், பேராசிரியருக்கு நீங்கள் மெயில் போட்டு மார்க் கேட்க முடியாது, பதினெட்டு ஆகாவிட்டாலும் அந்தப் பதிவுகள் மீதான உரிமை மாணவிக்குத்தான். அது அவளுக்கு நல்லது.

பள்ளி கவுன்சிலரிடம் அனுமதிப் படிவத்தை வாங்கி, நீங்களும் கையெழுத்துப் போட்டுச் சீக்கிரம் கொடுங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதிவு கடைசியில்தான் திறக்கும், இடம் வேகமாக நிரம்பிவிடும். பெரியப்பாவிடம் வேண்டுமானால் நானே பேசுகிறேன்.